உடன்செல்வோரைத் தேர்தல்: 1867-ஆம் ஆண்டுக் 'குவேக்கர் சிட்டி' கடற்செலவு பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

நெடுவழிச் செல்வோர்க்கு வழியினும் வழித்துணையே பெரிது. தரைவழிச் செல்வோன் ஒருவன், துணையாக வந்தவனோடு மனம் ஒவ்வாதாயின், அடுத்த ஊரில் அவனைப் பிரிந்து தன் வழியே போகலாம். கடல்வழிச் செல்வோனுக்கு அவ்வுரிமை இல்லை. கப்பல் கரையைவிட்டு நீங்கிய பின்னர், உண்ணும் மேசையும் உலவும் மேல்தட்டும் உறங்கும் அறையும் பிறரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியவை ஆகின்றன. ஆதலின், எக்கப்பலில் செல்வது என்னும் வினா, எத்தகையோருடன் செல்வது என்னும் வினாவாக மாறிவிடுகின்றது.

இவ்வினாவிற்கு விடை காணும் பொறுப்பைப் பயணிகளிடம் விடாது, கப்பல் ஏற்பாடு செய்தோரே மேற்கொண்ட நிகழ்ச்சி ஒன்று அமெரிக்க வரலாற்றில் உண்டு. 1867-ஆம் ஆண்டில் 'குவேக்கர் சிட்டி' என்னும் நீராவிக் கப்பல் நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்கும் திருநாட்டிற்கும் மேற்கொண்ட இன்பச் செலவே அது. உடன்வருவோரின் தகுதியை ஆராய்ந்து சீட்டு வழங்கக் குழு ஒன்று அமைக்கப்பட்டது இச்செலவின் தனிச்சிறப்பு. அத்தேர்வு கருதிய பயனைத் தந்ததா, தகுதியுடையோரைத் திரட்டுதலும் கலந்து பழகுவோரைத் திரட்டுதலும் ஒன்றுதானா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செலவின் பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, கடல் கடந்து சென்றோர் பெரும்பாலும் வாணிகம், ஆட்சிப்பணி, சமயப்பணி, குடியேற்றம் ஆகிய தேவைகளின் பொருட்டே சென்றனர். கடற்செலவையே இன்பமாகக் கொள்ளும் வழக்கம் நீராவிக் கப்பல் வந்த பின்னரே வேரூன்றியது. 1844-ஆம் ஆண்டில் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே, பி. அண்டு ஓ. கப்பல் நிறுவனம் அளித்த இலவசச் சீட்டினைப் பெற்றுக் கெய்ரோ வரை சென்று, அதனை ஒரு நூலாக 1846-இல் வெளியிட்டார். ஆயினும் அவர் ஒரே கப்பலில் செல்லவில்லை. இடையிடையே கப்பல் மாறிச் சென்றார். கப்பல் மாறுந்தோறும் உடன்வருவோரும் மாறினர். எனவே உடன்பயணிகளைத் தேர்ந்தெடுத்தல் என்னும் கருத்து ஆண்டு எழ இடமில்லை.

குவேக்கர் சிட்டியின் நிலை வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிவுற்றது. வடமாநிலங்களின் செல்வர்க்கு அயல்நாடு காணும் விருப்பம் மிகுந்தது. புரூக்ளினில் இருந்த பிளிமத்துத் திருச்சபையினரிடையே, ஒரே கப்பலில் ஒரே குழுவாகப் புறப்பட்டு, பல நாடுகளைக் கண்டு, அதே கப்பலில் அதே குழுவாகத் திரும்புதல் என்னும் திட்டம் உருவாயிற்று. அத்திருச்சபையின் உறுப்பினராகிய சார்லஸ் டங்கன் என்பார் கப்பல் தலைவராக அமைந்தார். கப்பலோ 1854-இல் கட்டப்பெற்று, உள்நாட்டுப் போரில் வடமாநிலக் கடற்படையிற் பணிபுரிந்த பக்கச் சக்கர நீராவிக் கப்பலாகும். ஐந்து திங்களுக்கு மேல் ஒரே கூட்டத்தோடு வாழவேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது. அக்கூட்டம் எத்தகையது என்னும் கவலை எழுந்தது இயல்பே.

அறிக்கையும் தேர்வுக் குழுவும்

ஏற்பாட்டாளர் வெளியிட்ட அறிக்கையில் மூன்று செய்திகள் நம் ஆய்விற்கு இன்றியமையாதன.

முதலாவது கட்டணம். வயது வந்தோர் ஒருவர்க்கு 1,250 டாலர் என வரையறுக்கப்பட்டது. கரையில் இறங்கிச் சுற்றுதற்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் பொன்னாக வேண்டியிருக்கும் எனவும் கணக்கிட்டுக் காட்டப்பட்டது. அக்காலத் தொழிலாளர் ஒருவரின் ஓராண்டு ஊதியத்தினும் மிகுதியான தொகை இஃது. ஆகவே குழு கூடுவதற்கு முன்னரே பணம் ஒரு தேர்வை நடத்தி முடித்துவிட்டது எனலாம்.

இரண்டாவது குழுவின் ஒப்புதல். விண்ணப்பித்தோரைக் குழு ஆராய்ந்து ஏற்ற பின்னரே சீட்டு வழங்கப்படும் என அறிக்கை கூறியது. கப்பல் நூற்றைம்பது பேருக்கு இடம் உடையது. ஆயினும் நண்பர் கூட்டத்தை ஒத்த சிறந்த குழுவே வேண்டும் என்பது ஏற்பாட்டாளர் கருத்து. எவ்வளவுகோல் கொண்டு குழு ஆராயும் என்பது வெளிப்படக் கூறப்படவில்லை. நன்மதிப்பு, சமயப்பற்று, செல்வம் ஆகியனவே உட்கிடை என்பதை அறிக்கையின் போக்குக் காட்டுகின்றது.

மூன்றாவது பயணிகளின் உரிமை. பயணிகள் அனைவரும் ஒருமனதாக இசையின் வழியை மாற்றவும் செலவை நீட்டிக்கவும் இயலும் என அறிக்கை இடம் தந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஒருமனப்படுவர் என்னும் நம்பிக்கை இதனுள் அமைந்திருத்தல் காண்க.

வாராத பெரியோர்

மக்களை இச்செலவின்பால் ஈர்த்தவை இடங்கள் மட்டும் அல்ல. உடன்வருவோராக அறிவிக்கப்பட்ட பெயர்களும் ஆம். பிளிமத்துத் திருச்சபையின் புகழ்பெற்ற சொற்பொழிவாளர் ஹென்றி வார்டு பீச்சரும், உள்நாட்டுப் போரின் பெருந்தலைவருள் ஒருவராகிய செர்மனும் வருவர் எனச் செய்தி பரவியது. நாடகப் பெண்மணி மேகி மிட்செலின் பெயரும் பேசப்பட்டது. பீச்சர் பிற பணிகளால் பின்வாங்கினார். செர்மன், மேற்குச் சமவெளியில் மூண்ட போரின் பொருட்டு விலகினார். மிட்செலும் வரவில்லை. பீச்சரின் அண்மையை நாடி இடம் பெற எண்ணியிருந்த திருச்சபையினர் பலரும் அவரோடு விலகினர். இறுதியில் கப்பலேறியோர் ஏறத்தாழ அறுபத்தைவரே.

இதனால் ஓர் உண்மை புலப்படுகின்றது. உடன்வருவோரின் புகழை நோக்கிக் கப்பலைத் தேர்வோன், தன் கையில் இல்லாத ஒன்றினை விலைகொடுத்து வாங்க முயல்கின்றான். இடம் நிலையானது, ஆள் நிலையானவன் அல்லன். நேப்பிள்சு நகரும் ஏதென்சு நகரும் குறித்த நாளில் குறித்த இடத்திலேயே இருக்கும். பீச்சர் இருப்பார் என எவரும் உறுதி கூற இயலாது.

குழு எதிர்பாராத பயணி

ஏறியவருள் ஒருவர் சாமுவேல் கிளெமென்சு. மார்க் டுவெயின் என்னும் புனைபெயரால் உலகறிந்தவர் இவரே. அக்காலத்தில் அவர் முப்பத்தொரு வயதினர். மேற்குக் கடற்கரையில் மட்டுமே ஓரளவு பெயர் பெற்ற நகைச்சுவை எழுத்தாளர். அவர்தம் கட்டணத்தைச் செலுத்தியது சான்பிரான்சிசுகோவின் 'ஆல்டா கலிபோர்னியா' என்னும் செய்தித்தாள். கைம்மாறாக அவர் வழிநெடுகிலும் மடல்கள் எழுதி அனுப்ப வேண்டும். எனவே அவர் செல்வத்தால் வந்தவரும் அல்லர். சமயப்பற்றின் மதிப்பால் வந்தவரும் அல்லர். குழுவின் உட்கிடையான அளவுகோலுக்கு மிகக் குறைவாகப் பொருந்தியவராகிய இவரே, இச்செலவு இன்றளவும் நினைக்கப்படுதற்குக் காரணமானார்.

கப்பல் வாழ்வு

1867 சூன் 8-இல் கப்பல் துறையை விட்டு நீங்கியது. ஆயினும் புயல் காரணமாகத் துறைமுக எல்லையிலேயே நங்கூரமிட்டு நின்று, சூன் 10-இல்தான் பெருங்கடலுள் புகுந்தது. அசோர்சுத் தீவுகள், ஜிப்ரால்டர், மார்சேல்சு, ஜெனோவா, லெகார்ன், நேப்பிள்சு, ஏதென்சு, கான்சுடாண்டிநோபிள், கருங்கடற் கரைநகரங்கள், சுமிர்னா, பெய்ரூட், யாப்பா, அலெக்சாந்திரியா ஆகிய இடங்களைக் கண்டு, நவம்பர் 19-இல் நியூயார்க்கு திரும்பியது.

கப்பலில் பழக்கம் எவ்வாறு அமைந்தது? டுவெயின் கூறுமாறு, பயணிகளுள் நாற்கூற்றில் முக்கூற்றினர் நாற்பதிற்கும் எழுபதிற்கும் இடைப்பட்ட வயதினர். இரவுதோறும் வழிபாட்டுக் கூட்டம் நடைபெற்றது. மேல்தட்டில் ஆடல் நிகழ்த்த முயன்றனர். கப்பலின் உருளலால் ஆடுவோர் ஒருபுறமாகச் சரிந்தனர். சில மாலைகளோடு அது நின்றது. பொழுதுபோக்காக எஞ்சியது டாமினோ ஆட்டமே. தொடக்க நாட்களில் இருபது முப்பது பேர் இரவில் விளக்கடியில் அமர்ந்து நாட்குறிப்பு எழுதினர். அவருள் பத்துப் பேரேனும் எஞ்சிய செலவு பற்றி இருபது பக்கங்கள் எழுதினரா என்பது ஐயமே என அவர் நகையாடுகின்றார்.

ஈண்டுச் சான்றுகளை எடைபோடுதல் வேண்டும். டுவெயின் நகைச்சுவை எழுத்தாளர். மிகைபடக் கூறுதல் அவர்தம் தொழில். அவர் கூற்றை மட்டும் கொண்டு வரலாறு எழுதுதல் பொருந்தாது. கிளீவ்லாந்து நகரத்து மேரி மேசன் பேர்பாங்க்சு என்னும் அம்மையாரும் அதே கப்பலில் சென்று, 'மைரா' என்னும் பெயரில் 'கிளீவ்லாந்து ஹெரால்டு' செய்தித்தாளுக்கு மடல்கள் எழுதினார். வேறு சிலர் எழுதியவையும் பின்னர் அச்சேறியுள்ளன. டுவெயினுக்குச் சலிப்பைத் தந்த வழிபாடு மற்றையோர் பலர்க்கு ஆறுதலைத் தந்தது என்பதை மறத்தல் ஆகாது. கப்பல் ஒன்றே, கூட்டம் ஒன்றே, ஆயினும் ஒருவர்க்கு இனிய அவை மற்றொருவர்க்கு இன்னா அவை ஆயிற்று.

இரு சோதனைகள்

ஒத்த சமயத்தினரை ஒருங்கு சேர்த்தால் ஒற்றுமை விளையும் என்பது குழுவின் நம்பிக்கை. அந்நம்பிக்கை சோதிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் இரண்டினைக் காண்போம். இரண்டும் டுவெயினின் நூலில் உள்ளன. இரண்டும் கப்பலிலன்றித் தரையில் நிகழ்ந்தன.

பெய்ரூட்டில் இறங்கிய பயணிகளுள் எண்மர் தனிக்குழுவாகக் குதிரையேறித் திருநாடு நோக்கிச் சென்றனர். அவ்வழியில் டமாசுகசு நகரை அடைய, நலிந்த குதிரைகளால் மூன்று நாள் வேண்டும். அவ்வழியை இரண்டு நாளினும் குறைவான காலத்தில் கடந்தாக வேண்டும் என மூவர் வற்புறுத்தினர்; ஓய்வுநாளில் வழிநடத்தல் பாவம் என்பது அவர் கருத்து. சோர்ந்த குதிரைகள் படும் துன்பத்தைச் சுட்டிப் பிறர் வாதிட்டும் பயனில்லை. விதியைக் காக்கும் முயற்சியில் அவ்விதியின் உயிராகிய இரக்கத்தைக் கைவிட்டனர் என்பது டுவெயினின் குற்றச்சாட்டு.

மற்றொன்று கலிலேயக் கடற்கரையில் நிகழ்ந்தது. அக்கடலில் ஒருமுறையேனும் படகேறிச் செல்ல வேண்டும் என்பது சமயப்பற்றுடையோர் வாழ்நாளெல்லாம் கொண்டிருந்த வேட்கை. படகொன்று வந்தது. படகோட்டி இரண்டு நெப்போலியன் பொன், அஃதாவது எட்டு டாலர், கேட்டான். அவர்கள் ஒன்று தருவதாகப் பேரம் பேசினர். படகு திரும்பிச் சென்றுவிட்டது. பின்னர்க் கரையில் ஓடிக் கூவி அழைத்தும் அது திரும்பவில்லை. அதன்பின் விளைந்தது ஒருவரையொருவர் பழிக்கும் பூசல்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் பூசலிட்டோர் எவரும் தீயவர் அல்லர். குழு நாடிய நன்மதிப்பு அனைவரிடத்தும் இருந்தது. இருப்பினும், களைத்த வேளையில் விட்டுக்கொடுத்தல், ஏமாற்றத்தைப் பொறுத்தல், பிறர் தவற்றை மன்னித்தல் ஆகிய இயல்புகளை எவ்விண்ணப்பத் தாளும் காட்டாது என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

மறுபக்கத்தையும் கூறுதல் நடுவுநிலையாகும். யால்டாவில் உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் இப்பயணிகளை வரவேற்றபோது, அனைவரும் ஒருமித்து நின்றனர். பேரரசர்க்குரிய வரவேற்பு மடலை எழுதும் பொறுப்பு டுவெயின்பால் ஒப்படைக்கப்பட்டது. யாப்பாவில், குடியேற்ற முயற்சி தோல்வியுற்று வறுமையில் வாடிய அமெரிக்கர் நாற்பதின்மர் அளவில் இக்கப்பலில் ஏற்றிக்கொள்ளப்பட்டு அலெக்சாந்திரியா வரை கொண்டுசெல்லப்பட்டனர். அவர் தாயகம் மீளப் பயணிகளுள் ஒருவராகிய மோசசு பீச்சு என்னும் செய்தித்தாள் உரிமையாளர் பொருளுதவி செய்தார். எக்குழுவும் தேர்ந்தெடுக்காத, கட்டணம் செலுத்த இயலாத அவ்வேழையர் கப்பலேறிய நிகழ்ச்சியே இச்செலவின் பெருமைக்குரிய நிகழ்ச்சி எனின் மிகையாகாது.

கேண்மை முளைத்த இடம்

இக்கப்பலில் கேண்மை தோன்றவே இல்லையா? தோன்றியது, ஆயின் பேரவையில் அன்று, சிறு வட்டத்தில் தோன்றியது.

பேர்பாங்க்சு அம்மையார் டுவெயினினும் ஏழாண்டு மூத்தவர். சமயப்பற்றும் கல்வியும் மிக்கவர். டுவெயின் எழுதிய மடல்களைப் படித்துக் குறைகளை எடுத்துரைத்தார். டுவெயின் அவரைத் 'தாய்' என்றே அழைத்தார். கப்பல் கரைசேர்ந்த பின்னும் அவ்வுறவு மடல்வழியாகப் பல்லாண்டு நீடித்தது. குழுவின் அளவுகோலுக்கு முற்றும் பொருந்திய இவ்வம்மையாரும் அவ்வளவுகோலுக்குப் பொருந்தாத டுவெயினும் உற்ற நண்பராயினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தேர்வு அம்மையாரைக் கொணர்ந்தது. ஆனால் நட்பைக் கொணர்ந்தது பணியில் பங்குகொண்டமையே.

எல்மைரா நகரத்து இளைஞர் சார்லஸ் லாங்டனும் உடன்வந்தோருள் ஒருவர். அவர் வைத்திருந்த தமக்கை ஒலிவியாவின் சிறு உருவப்படத்தைச் சுமிர்னா வளைகுடாவில் கப்பல் நின்றபோது தாம் கண்டதாக டுவெயின் பிற்காலத்தில் குறித்துள்ளார். ஒலிவியாவை அவர் 1870 பிப்ரவரி 2-இல் மணந்தார்.

டான் சுலோட் என்பார் டுவெயினின் அறைத்தோழர், கப்பலில் இனியவர், பின்னர் டுவெயின் புனைந்த ஒட்டுப் புத்தகத்தை விற்பனைக்குக் கொணர்ந்தவர். வாணிகத்தில் புகுந்த பின் அந்நட்பு முறிந்தது. ஆகவே கப்பலில் முளைத்த கேண்மை எல்லாம் கரையிலும் நிலைக்கும் என்று விதி கூறுதற்கும் இடமில்லை.

திரும்பியபின் எழுந்த பூசல்

கப்பல் திரும்பிய மறுநாளே, 1867 நவம்பர் 20-இல், 'நியூயார்க்கு ஹெரால்டு' செய்தித்தாளில் டுவெயினின் மடல் ஒன்று வெளியாயிற்று. இன்பச் செலவு என்ற பெயர் பொருந்தாது, பிணமில்லாத இறுதி ஊர்வலம் என்பதே தகும் என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். உடன்சென்றோர் பலர் சினங்கொண்டனர். ஐந்து திங்கள் ஒன்றாக உண்டவரைத் திரும்பிய மறுநாளே ஊரறிய எள்ளுதல் பண்பாகுமா என்னும் வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழத்தக்கதே. உடன்பயணிகளைத் தேர்வோர் தமக்கு இனியவர் யாவர் என்று மட்டுமே எண்ணுகின்றனர். தாம் பிறர்க்கு இனியவரா என எண்ணுவோர் அரியர். அக்குறை குழுவினிடத்தும் இருந்தது, டுவெயினிடத்தும் இருந்தது.

அம்மடல்களை விரித்தும் திருத்தியும் அவர் 1869-இல் வெளியிட்ட நூலே 'அறியார் அயல்நாட்டில்' எனப் பொருள்படும் பெயருடைய பயணநூல். அவர்தம் பெரும்புகழுக்கு அதுவே அடிகோலியது.

குழுவின் இடத்தைப் பெற்ற கட்டணம்

பிற்காலக் கப்பல் நிறுவனங்கள் இத்தகைய குழுவை அமைக்கவில்லை. ஆயின் தேர்வு மறைந்துவிடவில்லை, உருமாறியது. 1891 சனவரி 22-இல் ஆல்பர்ட் பாலின் என்பாரின் முயற்சியால் 'ஆகுசுதா விக்டோரியா' என்னும் செருமானியக் கப்பல் 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்கு இன்பச் செலவு மேற்கொண்டது. குளிர்காலத்தில் அட்லாண்டிக்குப் பயணிகள் குறைவதால் வீணே நிற்கும் கப்பலைப் பயன்படுத்துதலே அதன் நோக்கம். இம்முயற்சி பயன் தரவே, இன்பச் செலவுக்கென்றே கட்டப்பெற்ற 'பிரின்செசின் விக்டோரியா லூயிசு' 1900-இல் நீரில் இறக்கப்பட்டது. அதில் முதல் வகுப்பு அறைகள் மட்டுமே அமைக்கப்பட்டன.

ஒரே வகுப்புடைய கப்பல் எனின் வேற்றுமையற்ற கப்பல் என மயங்குதல் கூடாது. வேற்றுமை உடையோர் கப்பலேறாதவாறு கட்டணமே காவல் நின்றது என்பதே பொருள். 1867-இல் குழு வெளிப்படையாகச் செய்த செயலைப் பின்னர் விலைப்பட்டியல் ஓசையின்றிச் செய்தது. குழுவின் முன் ஒருவர் முறையிடலாம். விலைப்பட்டியலோடு வாதிடுதல் இயலாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிவுகளைத் தொகுத்துக் கூறுவோம். உடன்வருவோரின் பெயரைக் கண்டு கப்பலைத் தேர்தல் உறுதியற்ற செயல். பீச்சரும் செர்மனும் வாராமையே சான்று. நன்மதிப்பு வேறு, கலந்து பழகும் இயல்பு வேறு. முன்னதைக் கரையிலேயே ஆராயலாம், பின்னதைக் கடலில்தான் அறியலாம். ஒத்தோரை மட்டும் திரட்டுதல் பூசலைத் தடுப்பதில்லை. ஒவ்வாதோரிடையே கேண்மை முளைப்பதையும் தடுப்பதில்லை.

திருக்குறளில் நட்பாராய்தல் என ஓர் அதிகாரமே உளது. ஒருவரின் குடியையும் இனத்தையும் நோக்கி நட்புக்கொள்ளுமாறு கூறும் அவ்வதிகாரம், கேடு வந்துற்ற காலத்தில் அவர் நடந்துகொள்ளும் முறையையும் அளவுகோலாக வைக்கின்றது. குவேக்கர் சிட்டிக் குழுவினர் முதல் அளவுகோலையே கையாண்டனர்; அவர் கையில் இருந்ததும் அதுவே. இரண்டாம் அளவுகோல் டமாசுகசு வழியிலும் கலிலேயக் கரையிலும் யாப்பாத் துறையிலும் அவர்களுக்காகக் காத்திருந்தது. அதனை எக்குழுவாலும் முன்கூட்டிப் பயன்படுத்துதல் இயலாது. ஆதலின் கப்பலைத் தேர்வோன், இனிய துணைவர் கிடைப்பரா என வினவுவதோடு அமையாது, பிறர்க்குத் தான் இனிய துணைவனாக இயலுமா எனவும் தன்னை வினவிக்கொள்வானாயின், அத்தேர்வில் பாதியேனும் அவன் கையகத்தது ஆகும்.